ரிங் ஃப்ரீயா மச்சான்?

நீங்க இன்ஜினீயரிங் படிக்கிற ஆளா? ஹாஸ்டல் ரூம்ல காலி கூல்டிரிங்ஸ் பாட்டில் உருண்டு கிடக்குதா? அப்ப இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஆர்ட்ஸ் காலேஜ் மக்களும் கோவிச்சுக்காம வாங்க. இதுல ஃபார்முலா கம்மி, ஊர் சுத்தினதுதான் அதிகம்!

மேட்டர் இதுதான். நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ரெண்டு ஸ்டேஜ் ராக்கெட் ஒண்ணு செஞ்சோம். அது மேல போகாம, ஒரு பெரியவரைப் பார்த்துப் போச்சு. அப்புறம் நான் தும்பாவுக்குப் போனேன். தப்பு ராக்கெட்டுல இல்லைனு அங்கதான் எனக்கு உறைச்சுது.

வாங்க, முதல்ல இருந்தே சொல்றேன்.

முக்கால் லிட்டர் கனவு

எங்க காலேஜ் திருநெல்வேலி பக்கம். பின்பக்க காம்பவுண்ட் சுவரைத் தாண்டினா ஒரு குளம். 'குளம்'னதும் அலையடிக்கிற தண்ணியைக் கற்பனை பண்ணாதீங்க. பங்குனி பிறந்துட்டா அதுல தண்ணி இருக்காது. ஆடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, சுத்தி பனைமரம் நிக்கும். ராக்கெட் விட இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?

மருந்து அடைச்சுப் பண்ற ராக்கெட் வேணாம்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டோம். 1884-லயே வெடிமருந்துச் சட்டம் போட்டாச்சு. லைசென்ஸ் இல்லாம அந்தப் பக்கம் போனா, டிகிரிக்கு முன்னாடி கேஸ்தான் கையில கிடைக்கும். அதைவிட முக்கியம், பத்து விரலும் வேணும். அதனால தண்ணி ராக்கெட்.

பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி. மீதி இடத்துல பம்ப் வெச்சுக் காத்தை அடைக்கணும். வாயைத் திறந்து விட்டா, அமுங்கின காத்து தண்ணியைக் கீழே தள்ளும். பாட்டில் மேல போகும். நியூட்டனோட மூணாவது விதியை இவ்வளவு மலிவா வேற எதுவும் காட்டாது! ஆனா மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்துடாதீங்க. அது ரொம்ப மெல்லிசு. கேஸ் அடைச்ச கூல்டிரிங்ஸ் பாட்டில்தான் பிரஷரைத் தாங்கும்.

'ஒரு ஸ்டேஜ் எல்லாரும் விடுறாங்க. நாம ரெண்டு விடுவோம்'னு சொன்னவன்தான் நம்ம ஹீரோ. பேரு வேணாம், 'சிரிஞ்சு'னு வெச்சுக்குவோம். காரணம் பின்னாடி வரும்.

ஏன் ரெண்டு ஸ்டேஜ்? ரெண்டு குடம் தண்ணியோட ஒருத்தன் மலை ஏறுறான்னு வைங்க. பாதி வழியில ஒரு குடம் காலி. அந்தக் காலிக் குடத்தையும் உச்சி வரைக்கும் சுமப்பானா? அங்கேயே வெச்சுட்டுப் போனா உடம்பு லேசாகும். ராக்கெட்டும் அப்படித்தான். எரிபொருள் தீர்ந்த பகுதி வெறும் சுமை. கழட்டி விட்டா மிச்சம் இருக்கிறது வேகமா போகும். எடைக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கை ரஷ்யாவோட சியோல்கோவ்ஸ்கி 1903-லயே எழுதி வெச்சுட்டார். ஒரு ஸ்கூல் வாத்தியார் போட்ட கணக்கு பாஸ் அது!

கீழே ரெண்டேகால் லிட்டர் பாட்டில். மேல முக்கால் லிட்டர் பாட்டில். மூக்குக்குப் பழைய டென்னிஸ் பந்துல பாதி. றெக்கைக்கு சன்போர்டு. அரை இன்ச் பி.வி.சி. பைப் பாட்டில் கழுத்துக்குள்ள கச்சிதமா போகும். ஒழுகாம இருக்க ஒரு ஓ-ரிங். கீழ் பாட்டில்ல இருந்து மேல் பாட்டிலுக்குக் காத்து போகணும், ஆனா திரும்ப வரக் கூடாது. அதுக்கு சைக்கிள் டியூப் வால்வு.

கஷ்டமான கேள்வி இனிமேதான். கீழ் பாட்டில் காலியானது மேல் பாட்டிலுக்கு எப்படித் தெரியும்?

இங்கதான் நம்மாளு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 5 மில்லி ஊசி சிரிஞ்சு வாங்கிட்டு வந்தான். மேல் பாட்டிலோட கழுத்தைச் சுத்தி கேபிள் டை. அதுங்களோட தலைதான் பாட்டிலைப் பிடிச்சிருக்கும். அது விரியாம இருக்க வெளியே ஒரு பிளாஸ்டிக் ரிங். கீழ் பாட்டில்ல பிரஷர் இருக்கிற வரைக்கும் சிரிஞ்சோட தண்டு ரிங்கை மேல தள்ளிப் பிடிக்கும். பிரஷர் இறங்கினதும் ரப்பர் பேண்ட் ரிங்கைக் கீழே இழுக்கும். கேபிள் டை விரியும். மேல் பாட்டில் விடுதலை! பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. முழுசா அவன் மூளை. பொறாமையில எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை.

கஞ்சி போன கதை

பங்குனி கடைசியில ஒரு சாயங்காலம். குளத்துக்கு நடுவுல ராக்கெட்டை நிறுத்தியாச்சு. கடைசியா ரிங்கைச் செக் பண்றது என் வேலை. இருபது மீட்டர் தள்ளி பம்ப் பக்கத்துல சிரிஞ்சு.

ரிங்கை ஒரு தடவை ஏத்தி இறக்கினேன். கரகரனு இருந்துச்சு. காலையில டெஸ்ட் பண்ணும்போது மணல்ல படுக்க வெச்சிருந்தோம். உள்ளே மண் புகுந்திருக்கு. சட்டை நுனியால துடைச்சேன். அப்பவும் லேசா இறுக்கம். கழட்டிக் கழுவணும்னா அரை மணி நேரம் ஆகும். வெளிச்சம் போயிடும். வேடிக்கை பார்க்க வேற டிபார்ட்மென்ட் கூட்டமும் வந்து நிக்குது.

"ரிங் ஃப்ரீயா மச்சான்?"னு அங்க இருந்து கத்தினான்.

"ஃப்ரீ!"னு நானும் கத்தினேன்.

ஒரே ஒரு வார்த்தை பாஸ். அவ்வளவுதான்.

60 பி.எஸ்.ஐ. கயிறை இழுத்தோம். 'புஸ்ஸ்ஸ்'னு தண்ணியைத் துப்பிட்டு ஜிவ்வுனு கிளம்புச்சு. கைதட்டல். கீழ் பாட்டில் காலி. இப்ப பிரியணும்... பிரியலை. ரெண்டும் ஒட்டின மேனிக்கு உச்சிக்குப் போய், தலை திரும்பிக் கவிழ்ந்து, ஆட்டம் கண்டு இறங்கும்போதுதான் ரிங் நழுவியிருக்கு. நம்ம இரண்டாம் ஸ்டேஜ் ஆள் உயரத்துல, தரைக்குச் சமமா, கரையைப் பார்த்து சர்ருனு பறந்துச்சு.

கரையில ஆடு மேய்க்கிற தாத்தா உட்கார்ந்திருந்தார். 'டங்'குனு சத்தம். அவர் பக்கத்துல ரெண்டடி தள்ளி இருந்த தூக்குச்சட்டி உருண்டு, கஞ்சி மொத்தமும் மண்ணுல.

ஓடினோம். அவர் திட்டலை. நசுங்கின தூக்குச்சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கஞ்சி போனாப் போவுது. கண்ணு போயிருந்தா என்னலே பண்ணியிருப்பிய?"னு மட்டும் கேட்டார். யாருக்கும் பதில் வரலை.

ஹாஸ்டலுக்கு வந்ததும் பஞ்சாயத்து. "மெக்கானிசம்தான் சொதப்பிடுச்சு, ரப்பர் பேண்ட் பத்தலை"னு ஒருத்தன் ஆரம்பிச்சான். "சிரிஞ்சுலாம் விளையாட்டுப் பொருளாடா?"னு இன்னொருத்தன். எல்லாரும் அவனைப் பார்த்தாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். 'ஆமாம், காத்தும் அதிகமா இருந்துச்சு'னு ஏதோ உளறினேன்.

மறுநாளில் இருந்து அவன் எங்ககூட மெஸ்ஸுக்கு வரலை.

காத்தாடி தேசம் வழியா...

சித்திரையில டிபார்ட்மென்ட் டூர். தும்பா! லிஸ்ட்டுல பேர் கொடுத்திருந்த சிரிஞ்சு கடைசி நேரத்துல வரலைனுட்டான்.

நெல்லையில இருந்து திருவனந்தபுரம் போற ரயில்ல ஜன்னல் சீட் கிடைச்சா விட்டுடாதீங்க. வள்ளியூர், பணகுடி தாண்டும்போது மேற்கே மகேந்திரகிரி மலை வரும். அதன் அடிவாரத்துலதான் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைக் கட்டி வெச்சு எரிய விட்டுச் சோதிக்குது. நம்ம ஊர் மலைக்குப் பின்னால இப்படி ஒரு விஷயம் நடக்குதுங்கிறது பக்கத்து சீட் அக்காவுக்குத் தெரியலை. "அங்க கோயில்தான தம்பி இருக்கு?"னு கேட்டாங்க. ஆரல்வாய்மொழி வந்தா பெட்டி முழுக்கக் காத்து. காத்தாலைகள் கும்பலா நின்னு கை சுத்தும். நாகர்கோவில், குழித்துறை தாண்டினா கடையில பெயர்ப் பலகை மாறும், கட்டன் சாயா வாசம் வரும்.

திருவனந்தபுரத்துல இருந்து வடமேற்கே கடலோரமா போனா தும்பா. ஒரு பக்கம் அரபிக்கடல், தென்னை, வெள்ளை மணல், மீன் வலை. இன்னொரு பக்கம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தோட வேலி. விண்வெளி மியூசியத்துக்கு வெளியாட்களும் போகலாம். ஆனா, போட்டோ ஒட்டின அடையாள அட்டை இல்லாம போய் நிக்காதீங்க. கூட்டமா போனா முன்கூட்டியே அனுமதி கேட்டுடுங்க.

உள்ளே போனா முதல் ஆச்சர்யம். மியூசியம் ஒரு தேவாலயம்!

புனித மேரி மக்தலீன் ஆலயம். 1960-கள் ஆரம்பத்துல ராக்கெட் தளத்துக்கு இடம் தேடினார் விக்ரம் சாராபாய். பூமியோட காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகுது. அந்தக் கோட்டுக்கு மேல, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துல, ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுது. அதை ஆராயணும். பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. சாட்டிலைட் அவ்வளவு தாழ்வா சுத்தாது. மேல போய்ட்டு உடனே கீழே விழுற சின்ன ராக்கெட் ஒண்ணுதான் வழி.

ஆனா, அந்த இடத்துல மீனவ மக்கள் இருந்தாங்க. அவங்க வீடு, அவங்க கோயில். அப்போதைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில மக்கள்கிட்டயே விஷயத்தைச் சொல்லிக் கேட்டார், அவங்க சம்மதிச்சாங்க. அப்துல் கலாம் இதைப் பல தடவை சொல்லியிருக்கார். ஊர் இடம் மாறுச்சு. ஆலயம் அலுவலகம் ஆச்சு, ஆயர் வீடும் அலுவலகம் ஆச்சு, மாட்டுக்கொட்டகை லேப் ஆச்சு. அந்தக் கட்டடத்துல இன்னிக்கு ராக்கெட் மாதிரிகளைச் சுத்தி நாம செல்ஃபி கனவோட நடக்கிறோம். பீடம் இருந்த பக்கம் பார்த்தப்போ எனக்கு என்னவோ குளத்தங்கரைத் தாத்தாதான் ஞாபகம் வந்தார். ஒரு ராக்கெட் மேல போறதுக்கு, கீழே யாரோ எதையோ விட்டுக்கொடுத்திருக்காங்க. நாங்க அவர்கிட்ட 'ராக்கெட் விடப் போறோம், கொஞ்சம் தள்ளி உட்காருங்க'னுகூடக் கேட்கலை.

ரெண்டு ஸ்டேஜ், ஒரு கிரேன்

1963 நவம்பர் 21, மாலை நேரம். தும்பாவுல இருந்து முதல் ராக்கெட் கிளம்புச்சு. பேரு நைக்கி-அப்பாச்சி. அமெரிக்கா கொடுத்தது. கவனிங்க... அதுவும் ரெண்டு ஸ்டேஜ்! கீழே நைக்கி, மேல அப்பாச்சி. உச்சியில போய் சோடியம் ஆவியை விட, சாயங்கால வெயில் பட்டு வானத்துல ஆரஞ்சு மேகம் ஒளிர்ந்துச்சு.

அன்னிக்கு ராக்கெட்டைப் பொருத்துறதுக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு நம்ம ராமேஸ்வரத்து கலாம். ராடார் பக்கம் சென்னையில படிச்ச ஆராவமுதன். ராக்கெட்டை ஏவுமேடையில தூக்கி வைக்கிற நேரத்துல கிரேனோட ஹைட்ராலிக்ஸ்ல கசிவு. கடைசியில ஆளுங்க கையாலதான் தள்ளிச் சரியா நிறுத்தினாங்க. இதைப் படிச்சப்போ நம்ம ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தா தப்பில்லை!

சைக்கிள் கேரியர்ல ராக்கெட்டோட மூக்கை வெச்சுத் தள்ளிட்டுப் போற போட்டோ பார்த்திருப்பீங்க. 1966-ல பிரான்ஸ் நாட்டு கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்தது. அது தும்பாதான். ஆனா மாட்டு வண்டி போட்டோ தும்பா இல்லை பாஸ். அது 1981-ல 'ஆப்பிள்' சாட்டிலைட். ஆன்டெனா சோதனைக்கு உலோகம் இல்லாத வண்டி வேணும்னு வேண்டியே மாட்டு வண்டி பிடிச்சாங்க. இனிமே யாராவது ரெண்டையும் குழப்பினா, கெத்தா திருத்துங்க.

1967-ல நாமளே செஞ்ச ஆர்.ஹெச்-75 பறந்துச்சு. விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். எங்க ரெண்டேகால் லிட்டர் பாட்டில் அதைவிடக் குண்டு! அப்புறம் வந்த ஆர்.ஹெச்-200, திட எரிபொருள்ல ஓடுற ரெண்டு ஸ்டேஜ் ராக்கெட். சுமார் 10 கிலோ கருவியை 70, 80 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் காத்தைப் பத்தித் தகவல் சொல்லும். 2022 நவம்பர்ல அது தொடர்ச்சியா 200-வது தடவை ஜெயிச்சது. இருநூறு தடவை! நான் ஒரு தடவைக்கே பொய் சொன்னவன்.

எஸ்.எல்.வி-3 மாதிரிக்கு முன்னால வந்தப்போதான் நகர முடியலை. ஸ்கூல்ல 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தைப் பரிசா வாங்கிப் படிச்சவன் நான். அதுல வர்ற ஒரு இடம் டக்குனு ஞாபகம் வந்துச்சு.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 முதல் பயணம். முதல் ஸ்டேஜ் பக்கா. இரண்டாவது ஸ்டேஜ்ல கட்டுப்பாடு போச்சு. கடல்ல விழுந்துச்சு. விசாரிச்சப்போ காரணம் தெரிஞ்சுது. இரண்டாம் ஸ்டேஜ் கட்டுப்பாட்டுக்கான அமிலத் தொட்டியில ஒரு வால்வு, உள்ளே புகுந்த அழுக்கால மூடாம நின்னுடுச்சு. அமிலம் ஒழுகித் தீர்ந்துபோச்சு. கசிவு கவுன்ட்-டவுன் நேரத்துலயே கண்ணுல பட்டிருக்கு. பெருசா ஒண்ணும் இல்லைனு முடிவு பண்ணிப் போயிட்டாங்க.

ஆய்வுக் கூட்டத்துல நிபுணர்கள் தொழில்நுட்பக் காரணங்களை எல்லாம் அடுக்கி முடிச்சாங்க. அதோட போயிருக்கலாம். ஆனா கலாம் எழுந்து, அந்தக் கசிவைச் சாதாரணம்னு நினைச்சது என் தப்பு, கவுன்ட்-டவுனை நான் நிறுத்தியிருக்கணும்னு பொறுப்பை எடுத்துக்கிட்டார். அடுத்த வருஷம், 1980 ஜூலை 18-ல அதே எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில கொண்டுபோய் வெச்சது.

புகுந்தது அழுக்கு. மாட்டினது இரண்டாவது ஸ்டேஜ். கடைசி நேரத்துல 'பரவாயில்லை.' இதுவரைக்கும் என் கதைதான். அதுக்கு அப்புறம்தான் வேற. அவர் எழுந்து நின்னார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெளியே வந்து தென்னை மரத்தடியில நின்னு போன் போட்டேன். மூணாவது தடவைதான் எடுத்தான்.

"ரிங் ஃப்ரீயா இல்லைடா. மண்ணு இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

ரொம்ப நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எனக்குத் தெரியும்லே"ன்னான். "ராத்திரியே பாட்டிலைக் கழட்டிப் பார்த்தேன். ரிங்குக்குள்ள மண்ணு. நீயா சொல்லுவன்னு பார்த்தேன்."

கட் பண்ணிட்டான். பாஸ், அந்த நிமிஷம் அவன் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஹோல்ட்!

ஊருக்கு வந்ததும் அதே ரூம்ல, அதே அஞ்சு பேர் முன்னால சொன்னேன். ஒரு நாள் ஃபுல்லா ஓட்டினாங்க. 'ஃப்ரீ'னு எனக்குப் பட்டப்பேரே வெச்சாச்சு. சிரிஞ்சு எதுவும் சொல்லலை. மறுநாள் ஒரு பேப்பரோட வந்தான். செக் லிஸ்ட். ரிங்குக்கு வெளியே மண்ணு புகாம பலூன் ரப்பர்ல உறை. ஒரு ஆள் செக் பண்ணினதை இன்னொரு ஆள் கையால தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். முப்பது மீட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. எல்லாருக்கும் ஹெல்மெட். யார் வேணும்னாலும், எந்த நேரத்துலயும் 'ஹோல்ட்' சொல்லலாம். ஏன்னு கேட்கக் கூடாது.

வைகாசியில ஒரு காலை, ஆறு மணி. காத்து எழும்பாத நேரம். முந்தின நாளே தாத்தாகிட்ட போய்ச் சொல்லிட்டோம். ஒரு புதுத் தூக்குச்சட்டியும் கொடுத்தோம். "பழசுலயும் கஞ்சி நிக்கத்தான் செய்யுது"னு சொல்லிட்டே வாங்கிக்கிட்டார்.

ரிங்கை நான் செக் பண்ணினேன். சிரிஞ்சு வந்து தொட்டுப் பார்த்தான். ஏத்தினான், இறக்கினான். கையெழுத்துப் போட்டான்.

பத்து, ஒன்பது, எட்டு... நாலு வரும்போது "ஹோல்ட்"னு ஒரு குரல். எங்க ஆள் இல்லை. கரையில இருந்து தாத்தா! "எலேய் நில்லுங்கலே, குட்டி ஒண்ணு உள்ளாற வந்துட்டு!" வெள்ளைக் குட்டி ஒண்ணு ராக்கெட்டை மோந்து பார்க்கக் கிளம்பியிருக்கு. பிரஷரை இறக்கி, குட்டியைத் தூக்கிட்டு வந்து, மறுபடி முதல்ல இருந்து. இருபது நிமிஷம் போச்சு. ஒருத்தரும் முணுமுணுக்கலை.

மூணு, ரெண்டு, ஒண்ணு. புஸ்ஸ்ஸ்! பனை உயரம் வரைக்கும் ரெண்டும் சேர்ந்து போச்சு. அப்புறம் 'டப்'. ஒரு சின்ன வெள்ளைப் புகை மாதிரி தண்ணித் தூள். மேல் பாட்டில் தனியா, அம்பு மாதிரி, இன்னும் மேல, இன்னும் மேல...

அறுபது மீட்டர் தள்ளி ஒருத்தன் புரொட்ராக்டர்ல நூல் கட்டி நின்னான். 41 டிகிரி. டேன் போட்டு, அவன் கண் உயரத்தையும் சேர்த்தா கிட்டத்தட்ட 54 மீட்டர். பாராசூட்டா வெச்ச கேரி பேக் விரியவே இல்லை. பாட்டில் பொத்துனு விழுந்து மூக்கு நசுங்கிடுச்சு. அது அடுத்த பிரச்னை. செக் லிஸ்ட்ல பதினாலாவது வரி சேர்ந்தாச்சு.

தாத்தா வந்து நசுங்கின டென்னிஸ் பந்தைப் பார்த்தார். "இதுவும் நசுங்கிட்டா? சரிதான்"னு சிரிச்சார்.

நீங்க தும்பா போறதுக்கு முன்னால இன்னொரு சேதி. 2024 பிப்ரவரி 28-ல தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்துல நாட்டோட இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே போற ராக்கெட் இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போகணும். குலசையில இருந்து நேரா கடலுக்கு மேல போயிடலாம். அதே நாள் அங்க இருந்து ஒரு ராக்கெட்டும் பறந்துச்சு. எது தெரியுமா? ஆர்.ஹெச்-200. நம்ம ரெண்டு ஸ்டேஜ் பார்ட்டி!

அடுத்த லீவுல குலசைக்கு பஸ் ஏறுறதா பிளான். ஜன்னல் சீட் சிரிஞ்சுக்கு. நான் கேட்டப்போ அவன் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்டான்.

"டிக்கெட் எடுத்துட்டியா, இல்ல சும்மா எடுத்துட்டேன்னு சொல்றியா?"

எடுத்துட்டு வந்து காட்டினேன். தொட்டுப் பார்த்துட்டுத்தான் சிரிச்சான்!